சர்க்காரின் கை எதுவரை நீளலாம்?

அண்மையில் பந்திங் பட்டணத்தில் ஒரு சாமான் கடையில் நின்றுகொண்டிருந்தோம். தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வந்த ஓர் அம்மா, ஒரு கிலோ பாக்கெட் எண்ணெயைக் கையில் எடுத்துக் கடைக்காரரிடம் கேட்டார்: "ஏண்ணே, நாம வெட்டிப் போடுற குலையிலேர்ந்துதானே இந்த எண்ணெய் வருது? இத நமக்கே ரெண்டு வெள்ளி அம்பது காசுக்குக் கொடுக்கணும்னா சர்க்கார் தன் காசையும் சேத்துப் போடணுமாம். இது என்ன கணக்கு?"

கடைக்காரர் சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டார். "சர்க்கார் எல்லாத்திலேயும் கைய வெக்கிறதனாலதான் இந்தக் கொழப்பம், தங்கச்சி. சும்மா விட்டா வெல தானா ஒரு நெலைக்கு வந்துரும்."

லோரி ஓட்டும் தம்பி ஒருவர் விடவில்லை. "சும்மா விட்டா மாமா, தவுக்கே சொல்றதுதான் வெல, மேனேஜர் சொல்றதுதான் கூலி. நீங்க மரம் வெட்டுன காலத்துல சும்மாதானே விட்டிருந்தான்? என்ன கெடைச்சிச்சு?"

இந்த மூவரும் எந்தக் கட்சியின் கொள்கை விளக்கப் புத்தகத்தையும் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் உலகத்துப் பெரிய பெரிய கட்சிகள் இருநூறு வருஷமாக அடித்துக்கொள்வது இதே கேள்விக்காகத்தான். அரசாங்கத்தின் வேலை என்ன? எதைச் செய்ய வேண்டும், எதில் தலையிடக் கூடாது?

2025ஆம் வருஷத்தில் மட்டும் அரசாங்கத்தின் கை நம் லயத்து வாசல்வரை எத்தனை தடவை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கு மட்டும் ஆகஸ்டு முதல் தேதி வரை தவணை கொடுத்தார்கள். ஆகஸ்டு 31 முதல் பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் அடையாளக் கார்டின் வழியாக 100 வெள்ளிக்குச் சாமான். செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு மட்டும் பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு. அக்டோபரிலிருந்து அந்நியத் தொழிலாளர்களுக்கும் சேமநிதி, இரு தரப்பும் இரண்டிரண்டு விழுக்காடு. இவற்றில் ஒவ்வொன்றையும் 'நல்லது' என்பவரும் உண்டு, 'நாசம்' என்பவரும் உண்டு. இரண்டு பேரும் முட்டாள்கள் அல்லர். அவர்கள் நிற்கும் இடம் வேறு, அவ்வளவுதான்.

பெரியவர் சொன்ன கட்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். அரசாங்கம் ஜாகாவைப் போல இருக்க வேண்டும் என்பது இவர்கள் வாதம். திருடன் வராமல் பார்க்கட்டும், சண்டை வந்தால் கோர்ட்டு வைக்கட்டும், எதிரி வந்தால் பட்டாளத்தை அனுப்பட்டும். வீட்டுக்குள் வந்து சோற்றுப் பானையில் உப்புப் பார்க்க ஜாகாவுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். ஸ்காத்லாந்துக்காரர் ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய புத்தகத்தைத்தான் இதற்கு வேதமாகக் காட்டுவார்கள். அதே ஸ்மித், தனி ஆள் லாபம் பார்த்துச் செய்ய முடியாத பொதுக் காரியங்கள், ஏழைப் பிள்ளைகளின் படிப்பு உட்பட, அரசாங்கத்தின் கடமைதான் என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்துவிடுவது பலருக்கு வழக்கம்.

ஜாகா வாதத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. பெர்மிட்டுக்கு ஒரு கையெழுத்து, லைசென்சுக்கு ஒரு கையெழுத்து என்று வந்துவிட்டால் கையெழுத்துக்கு ஒரு விலை வந்துவிடும். தமிழ்நாட்டில் ராஜாஜி 1952இல் முதலமைச்சரானதும் அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். காங்கிரஸ் 1955இல் ஆவடி மாநாட்டில் சமதர்மப் பாணி சமுதாயமே இலட்சியம் என்று தீர்மானம் போட்டது. அந்தப் போக்கு பிடிக்காத ராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சியை ஆரம்பித்து, "பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்" என்று சாகும்வரை சாடினார். வேடிக்கை என்னவென்றால், 1967 தேர்தலில் அவர் கைகோத்தது ரூபாய்க்கு மூன்று படி அரிசி போடுவோம் என்று மேடைதோறும் சொன்ன அண்ணாவோடு! ஒருவர் அரசாங்கம் அரிசிக் கடையிலிருந்து வெளியே போகட்டும் என்றார். இன்னொருவர் அரசாங்கமே அரிசியை அளந்து போடும் என்றார். கூட்டணி ஜெயித்தது. மூன்று படி ஒரு படியாகி, அதுவும் சென்னையிலும் கோவையிலும் மட்டும் ஆரம்பமானது. கஜானா தாங்கவில்லை. கொள்கைகள் மேடையில் எப்படி முழங்கினாலும் கஜானாப் பெட்டியைத் திறக்கும்போது குரல் இறங்கிவிடுகிறது.

இனி நம் சொந்தக் கதைக்கு வருவோம்.

பிரிட்டிஷ்காரன் காலத்தில் சர்க்கார் வியாபாரத்தில் தலையிடாது என்று தொரைமார் பெருமை பேசிக்கொண்டார்கள். உண்மையில் நடந்தது என்ன? 1907இல் சட்டம் போட்டுத் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். தோட்டங்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, அந்தப் பணத்தில் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். ஆள் பிடிக்க கங்காணி, ஆளைக் கொண்டுவர சர்க்கார். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு ரப்பர் விலை படுத்தபோது, 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டம் என்று வைத்து ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையைத் தூக்கி நிறுத்தியதும் சர்க்கார்தான். 1934இல் பல நாடுகளைச் சேர்த்துக்கொண்டு அதையே மறுபடியும் செய்தார்கள். இடையில் 1930ஐ ஒட்டி உலகமே முடங்கியபோது, வேலையற்ற தமிழர்களை ஆயிரக்கணக்கில் ஊருக்குத் திருப்பி அனுப்பியதும் அதே சர்க்கார். நாள் கூலி ஆணுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது காசு என்ற அளவில் நிர்ணயித்த கமிட்டியும் சர்க்கார் ஏற்படுத்தியதுதான். அதிலே தோட்டக்காரர்களுக்கு நாற்காலி இருந்தது. பால் வெட்டுகிறவனுக்கு ஒரு முக்காலிகூட இல்லை.

தலையிடாத சர்க்காரின் லட்சணம் இது! தொரைக்கு ஆள் வேண்டுமா, தலையிடும். விலை வேண்டுமா, தலையிடும். தொழிலாளி கூலி கேட்டபோதுதான் 'சந்தை நிலவரம்' என்று கையைக் கட்டிக்கொண்டது.

கையைக் கட்டிக்கொண்டதுகூட கொஞ்ச நாள்தான். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் நம் பாட்டன்மார் எழுந்து நின்றார்கள். நம் பந்திங்கிலிருந்து கிள்ளான் எத்தனை கட்டைத் தூரம்? அவ்வளவு பக்கத்தில் நடந்த கதை. ஆர்.எச். நாதனும் ஒய்.கே. மேனனும் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் கேட்டதைப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு. மருத்துவ வசதி. கள்ளுக்கடையை மூடுவது. லயத்துப் பெண்களிடம் வாலாட்டாமல் இருப்பது. தொரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற முறையை ஒழிப்பது. ஒரு மனிதன் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக விரும்பினான். அதற்கும் வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது.

மே மாதம் நாதனைப் பிடித்தார்கள். வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுக்கப் பரவியது. அவசர நிலை அறிவித்துப் பட்டாளத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். ஜாகா எந்த வீட்டைக் காக்க நிற்கிறான் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

ஆகவே, 'அரசாங்கம் தலையிடலாமா கூடாதா' என்று யாராவது மேடையில் கேட்டால், அந்தக் கேள்வியை அப்படியே வாங்கிக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. அது எப்போதும் தலையிட்டுக்கொண்டுதான் இருந்தது. யாருக்காக என்பதுதான் பாக்கி.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டால்? தொரையே வேண்டாம், தோட்டம் பொதுச் சொத்து, லாபம் மக்களுக்கு. இது பொதுவுடைமைக்காரர்களின் வாதம். கேட்க இனிக்கிறது. இதைச் செய்து பார்த்த இடம் நமக்குத் தெரியாத சீமை அல்ல, நம் உறவுகள் கொழுந்து கிள்ளும் இலங்கை மலைநாடு. அங்கே 1972இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975இல் வெள்ளைக்காரக் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்த வருஷங்களில்தான் மலைநாட்டு லயங்களில் பட்டினிச் சாவு என்று செய்தி வந்தது. தோட்டத்தை எடுத்த அரசாங்கம் தோட்டத்து மக்களைத் தன் மக்களாக எடுத்துக்கொள்ளவில்லை. பலருக்கு அப்போது குடியுரிமையே கிடையாது, ஓட்டும் இல்லை. நஷ்டம் ஏறிக்கொண்டே போய், 1992இல் தோட்ட நிர்வாகத்தை மறுபடி தனியார் கம்பெனிகளுக்கே கொடுத்தார்கள். தனியாரிடம் போனபிறகும் லயம் அதே பழைய லயம்தான். நாள் கூலி ஆயிரம் ரூபாய் ஆவதற்கு 2021 வரை காத்திருந்தார்கள். 2025 நவம்பரில் அந்நாட்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு புது வழி அறிவித்தார்கள்: கம்பெனி கொடுப்பதை 1,550 ரூபாயாக்கி, வேலைக்கு வருகிற நாளுக்கு 200 ரூபாயை அரசாங்கமே போடுவது. கம்பெனியின் ஆளுக்கு மக்கள் வரிப்பணத்தில் கூலியா என்று அங்கே சிலர் கேட்கிறார்கள். வயிறு காய்ந்தவன் அதைக் கேட்பதில்லை.

இங்கேயும் ஒரு மாதிரி நடந்தது. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி, லண்டன் பங்குச் சந்தை திறந்த கொஞ்ச நேரத்துக்குள் தேசிய முதலீட்டு நிறுவனம் கத்ரி கம்பெனியின் பங்குகளை வாங்கிக் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தது. அது நாட்டுக்குப் பெருமையான நாள், மறுக்கவில்லை. அதைத் தொடர்ந்து ஹாரிசன்ஸ் தோட்டங்களும் மலேசியர் கைக்கு வந்தன. பிறகு எல்லாம் ஒரே பெரிய கம்பெனியாகச் சேர்ந்து, 2024இல் அந்தக் கம்பெனியின் பெயரில் 'கத்ரி' மறுபடியும் வந்து உட்கார்ந்தது. போர்டு மாறியது, பெயிண்டு மாறியது, பங்களாவில் இருந்தவர் மாறினார். பெரட்டுக் களத்தில் நின்றவனுக்குத் தினக்கூலி தினக்கூலியாகவே இருந்தது. சொத்து அரசாங்கத்தின் பக்கம் வருவது ஒன்று. அதில் வேலை செய்கிறவன் பேச்சு எடுபடுவது வேறொன்று.

இரண்டு வழியும் வேண்டாம், நமக்கு நாமே என்று மூன்றாவதாக ஒன்றைச் செய்து காட்டியவர்களும் நம்மவர்களே. ஐம்பதுகளில் வெள்ளைக்காரன் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே நாளில் வேலையும் போனது, லயமும் போனது. அரசாங்கம் ஆராய்ந்தது, உங்கு அசீஸ் அறிக்கை எழுதினார். தடுத்து நிறுத்தச் சட்டம் வரும் என்று காத்திருக்காமல் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். காதிலிருந்த தோட்டைக் கழற்றிப் பங்குப் பணம் கட்டிய கதைகளை வயதான அம்மாக்கள் வாயால் கேட்டிருக்கிறோம்.

ஆனால் ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். பத்து வெள்ளி போட்டவர்களால் நாட்டிலுள்ள எல்லாத் தோட்டங்களையும் வாங்க முடியுமா? கூட்டுறவு சில தோட்டங்களைக் காத்தது. மற்றவற்றைக் காக்கச் சட்டம்தான் வேண்டியிருந்தது. 'சொந்தக் காலில் நில்' என்பது நல்ல உபதேசம். நிற்க ஓர் அடி நிலமாவது இருந்தால்!

இப்போது அந்த 1,700 வெள்ளி விவகாரம். இதை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் நடுவழிக்காரர்கள். முதலாளி இருக்கட்டும், லாபம் பார்க்கட்டும், ஆனால் இதற்குக் கீழே எவனும் போகக் கூடாது என்று தரையில் ஒரு கோடு கிழிப்பது அரசாங்கத்தின் கடமை என்பவர்கள். 1945க்குப் பிறகு பிரிட்டனில் தொழிற்கட்சி அரசாங்கம் எல்லாருக்கும் இலவச வைத்தியம் கொண்டுவந்ததும் இந்தக் கொள்கையில்தான். நம் நாட்டில் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த சேமநிதியும், 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த சொக்சோவும் இதே குடும்பத்துப் பிள்ளைகள்.

எதிர்ப்பவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். செம்பனை எண்ணெய் விலையை நாம் நிர்ணயிப்பதில்லை, உலகச் சந்தை நிர்ணயிக்கிறது. கூலி ஏறினால் அந்தச் சுமையை வாங்குகிறவன் தலையில் ஏற்ற முடியாது. அப்புறம் ஆளைக் குறைப்போம், இயந்திரம் கொண்டுவருவோம், மரத்துக்கு வயதானால் மறுநடவு செய்யாமல் நிலத்தை விற்போம் என்கிறார்கள். இது வெறும் மிரட்டல் என்று நாம் தள்ளிவிட மாட்டோம். சின்னத் தோட்டக்காரர்களுக்கு இது மெய்யான கஷ்டம். ஆனால் 2013 ஜனவரியில் முதன்முதலாகத் தீபகற்பத்தில் 900 வெள்ளி வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். 2016இல் 1,000, 2019இல் 1,100, 2022இல் 1,500 என்று ஏறியபோதும் சொன்னார்கள். எண்ணெய் விலை உச்சத்துக்குப் போன வருஷங்களில் 'சந்தை நிலவரப்படி கூலியையும் தூக்குவோம்' என்று தாமாக வந்து சொன்னவர் எத்தனை பேர்?

கோடு கிழிப்பதிலும் சூட்சுமம் உண்டு. 2020இல் நகராட்சிப் பகுதிகளுக்கு மட்டும் 1,200 என்று வைத்தார்கள். எல்லைக்கு வெளியே இருந்த தோட்டங்களுக்குப் பழைய 1,100தான். பட்டணத்தில் விற்கிற அரிசிதான் தோட்டத்துக்கும் வருகிறது, லோரி வாடகையோடு சேர்த்து! 2022இல்தான் அந்த வித்தியாசம் ஒழிந்தது.

இன்னொன்று. அந்நியத் தொழிலாளிக்கும் இதே 1,700தானா என்று நம்மவர்களில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். அவனுக்கு 1,200 கொடுத்தால் போதும் என்றிருந்தால் உங்களை எவன் வேலைக்கு வைப்பான்? இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் கடன் பட்டு வந்து நம் பழைய லயத்தில் படுத்திருப்பவனைப் பார்க்கும்போது, நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் பாட்டனார் ஞாபகம் வராவிட்டால் எப்படி?

குலைக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்களும் தெரிந்துகொள்ளுங்கள். மாதச் சம்பளம் 1,700க்குக் குறையக் கூடாது என்பது உங்களுக்கும் பொருந்தும். வாரம் ஆறு நாள் வேலை செய்யும் தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் 65 வெள்ளி 38 காசு. ஓவர்டைமையும் அலவன்சையும் சேர்த்து 1,700 காட்டினால் அது கணக்கல்ல. சம்பளச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைப்பதற்கு முன் பிள்ளைகளை விட்டாவது ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் சங்கத்தில் சொல்லுங்கள், இல்லையேல் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

கூலி விஷயத்திலாவது ஏதோ ஒரு கோடு இருக்கிறது. கோடே இல்லாத இடம் ஒன்று இருக்கிறது, அதுதான் வீடு.

தோட்டத்தில் கொடுக்கிற வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் வேண்டும், ஆயாக் கொட்டகை வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் சொல்கிறது. வேலையில் இருக்கும்வரை அது சரி. அறுபது வயதாகி வேலையை விட்டு நின்றால்? முப்பது நாற்பது வருஷம் குலை வெட்டியவன், பால் எடுத்தவள், சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? ஜாகா வாதக்காரர் சொல்வார்: அது தனியார் நிலம், அரசாங்கம் தலையிட முடியாது, சம்பாதித்த காலத்தில் சேர்த்திருக்க வேண்டும். தினக்கூலியில் வீடு சேர்க்க முடிந்தவரை யாராவது காட்டினால் மாலை போடுவோம்.

அதே நிலம் வேறு காரியத்துக்கு வேண்டும் என்றால் மட்டும் தலையிட வழி பிறந்துவிடுகிறது. 1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் இருக்கிறது. 1991இல் அதைத் திருத்தி, பொருளாதார வளர்ச்சிக்கு நன்மை என்றால் தனி ஆளுக்காகவும் எடுக்கலாம் என்று அகலப்படுத்தினார்கள். இன்று புத்ராஜெயா நிற்கிற மண் பேராங் புசார் தோட்டத்து மண்தானே? அங்கேயும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்த நம் குடும்பங்களை டிங்கில் தாமான் பெர்மாத்தாவில் அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். சுவரில் விரிசல் கண்ட அந்த வீடுகளுக்குப் பதில் தரை வீடு கேட்டு அவர்கள் எத்தனை வருஷம் மனுப் போட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நாட்டின் தலைமைச் செயலகம் எழும்ப ஒதுங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். நிலத்தை எடுக்க அரசாங்கத்துக்குக் கை இருக்கிறதென்றால், அதே கையால் எடுத்த நிலத்தில் ஒரு மூலையைத் தொழிலாளிக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியும்.

இதைக் கேட்டால் 'இது சோஷலிசம்' என்று சிலர் சொல்வார்கள். ரப்பர் விலையை உயர்த்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது அதற்கு யாரும் அந்தப் பெயர் வைக்கவில்லை.

சாமான் கடை அம்மாவிடம் கடைசியாக ஒன்று கேட்டோம், சர்க்கார் எதைச் செய்தால் போதும் என்று. பெரியவரும் தம்பியும் இன்னும் எண்ணெய் விலையில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் சொன்னார்: "எண்ணெய் வெல அஞ்சு காசு ஏறினா ஏறிட்டுப் போவுது சார். வர்ற தைக்கு எனக்கு அறுவது முடியுது. எங்க போய் அடுப்பு வெக்கிறதுன்னு தெரிஞ்சாப் போதும்."

பந்திங், தெலுக் டத்தோ, கேரித் தீவு வட்டாரத் தோட்டங்களில் ஓய்வு பெற்றவர்களுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறதா, எத்தனை நாள் தவணை கொடுத்திருக்கிறார்கள், வேறு வீடு காட்டினார்களா என்பதை இந்தப் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். கடிதத்தின் நகல் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.